சிறிய கல்லூரியிலிருந்து ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் இளமாணிப் பட்டப்படிப்பு மட்டும் நடத்தும் சிறிய கல்லூரி ஒன்றில் நான் விரிவுரையாளர். எங்கள் துறையில் நாலு பேர், ஒரு ஆய்வுகூடம், ஒரு குளிர்சாதனப் பெட்டி. மற்றக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்தவர்கள் தங்கள் முதல் ஆராய்ச்சி முன்மொழிவை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதுகிறேன். என் துறை சுற்றாடல் இரசாயனம் என்பதால் உதாரணங்கள் அந்தப் பக்கம் சாயும். சமூக விஞ்ஞானக்காரர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

எங்கள் கல்லூரியில் ஒரு கலாநிதிப் பட்ட மாணவர்கூட இல்லை. எங்களுக்கெல்லாம் நிதி தருவார்களா?

தருவார்கள். ஆனால் பெரிய கம்பஸிலிருந்து போகும் முன்மொழிவைப் பார்த்து அதேபோல எழுதினால் கிடைக்காது. நான் முதலில் எழுதியது அப்படித்தான் இருந்தது. மூன்று வருடத் திட்டம், இரண்டு முதுநிலை மாணவர்கள், எங்களிடம் இல்லாத ஒரு கருவி. 'இந்த வேலையை யார் செய்யப்போகிறார்கள் என்று தெரியவில்லை' என்ற கருத்தோடு அது திரும்பி வந்தது. இரண்டு நாள் மனம் நொந்தது. பிறகு ஆறுதலாக வாசித்துப் பார்த்தபோது எனக்கே தெரியவில்லை.

மதிப்பிடுபவர் முதலில் பார்ப்பது இந்த ஆய்வு தேவையா என்பதை. அதற்கடுத்து, இவர்களால் இதை முடிக்க இயலுமா என்று பார்ப்பார். தேவையை விளக்குவதில் நாங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. இயலுமா என்ற இடத்தில்தான் விழுகிறோம். ஆகவே உங்கள் கல்லூரியால் மற்றவர்களைவிட நன்றாகச் செய்யக்கூடியது எது என்று யோசித்து, அதிலிருந்து ஆய்வுக் கேள்வியைக் கட்டுங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

'மற்றவர்களைவிட நன்றாகச் செய்யக்கூடியது' என்று எங்களிடம் என்ன இருக்கிறது? நல்ல கருவிகூட இல்லையே.

பக்கத்தில் இருக்கும் ஒன்றைக் கிழமைதோறும், வருடக் கணக்கில், விடாமல் போய்ப் பார்க்க உங்களால் முடியும். பெரிய ஆய்வுகூடங்களுக்கு அது கஷ்டம்.

ஒரு உதாரணம். கொழும்பு 2018இல், ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. உலகில் முதன்முதலாக அந்த அங்கீகாரம் கிடைத்த 18 நகரங்களில் ஒன்று நம்முடையது. அந்த ஈரநிலங்களோடு தொடுத்திருக்கும் கால்வாய்களில் ஒன்று வெள்ளவத்தையில் கடலோடு சேர்கிறது. அங்கே ஒரு குழு வருடத்தில் நாலு தடவை போய் நீர் எடுத்து, உயர்ந்த கருவியில் நாற்பது இரசாயனங்களை அளக்கலாம். உங்கள் மாணவர்கள் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை 7 மணிக்கு, அதே பாலத்தடியில், கையில் கொண்டுபோகும் மீற்றரால் கரைந்த ஒட்சிசன், கடத்துதிறன் (தண்ணீர் மின்னைக் கடத்தும் அளவு), வெப்பநிலை மூன்றை மட்டும் அளக்கலாம். பெருமழைக்கு அடுத்த நாள் தண்ணீருக்கு என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் இரண்டாவது குழுதான். நாலு தடவை போனவர்களுக்கு அந்த நாள் தப்பியிருக்கும்.

கருவி கட்டாயம் வேண்டிய இடத்தில் எல்லாவற்றையும் வாங்க நினைக்காதீர்கள். கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் கட்டணம் கட்டி மாதிரிகளைச் சோதிக்கலாம். 20 மாதிரிகளுக்கு ஒரு கருவியை வாங்குவது வீண் என்று மதிப்பிடுபவருக்கும் தெரியும். கருவி நண்பர் ஒருவரின் பல்கலைக்கழகத்தில் இருக்கிறதென்றால் அவருடைய வாய்வார்த்தை போதாது. மாதத்தில் எத்தனை மணித்தியாலம், யாருடைய மேற்பார்வையில், என்ன செலவில் என்று எழுதி, அவருடைய துறைத்தலைவர் கையொப்பமிட்ட கடிதத்தை இணையுங்கள்.

எங்கே விண்ணப்பிப்பது?

தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் மெயிட்லன்ட் பிளேஸில் இருக்கும் தேசிய விஞ்ஞான மன்றமும்தான் விஞ்ஞானத் துறையினருக்கு முதலில் நினைவுக்கு வருபவை. மானிடவியலிலும் சமூக விஞ்ஞானத்திலும் அரச பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் முதுநிலை ஆய்வு செய்ய 2005இல் ஏற்படுத்தப்பட்ட தேசிய உயர்கல்வி நிலையம் ஒன்று வோர்ட் பிளேஸ் பக்கம் இருக்கிறது. வெளியே என்றால், இயற்கைப் பாதுகாப்புக்கு இங்கிலாந்தின் ரஃபர்ட் மன்றம் சிறு நிதி தருகிறது. அடிப்படை விஞ்ஞானத்துக்கு இத்தாலியின் திரியெஸ்தே நகரிலிருந்து இயங்கும் உலக விஞ்ஞானக் கழகம் இருக்கிறது. அழியும் நிலையிலுள்ள பழைய ஆவணங்களை எண்ணிமப்படுத்த பிரித்தானிய நூலகம் 2004இலிருந்து ஒரு திட்டம் நடத்துகிறது. ஓலைச்சுவடி, பழைய தமிழ்ப் பத்திரிகை என்று வேலை செய்பவர்கள் அதைக் கட்டாயம் பாருங்கள்.

அழைப்பு வெளியானதும் தகுதிப் பகுதியை முதலில் வாசியுங்கள். அரச நிறுவனத்துக்கு மட்டுமா, நிரந்தர நியமனம் வேண்டுமா, வயது எல்லை உண்டா என்பது ஒவ்வொரு அழைப்பிலும் மாறும். தெளிவில்லை என்றால் அங்கேயே தொலைபேசியில் கேளுங்கள். ஒரு மாதம் எழுதிய பிறகு தகுதியில்லை என்று கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

இணையத்தில் 'என்எஸ்எஃப்' என்று தேடினால் சிறிய கல்லூரிகளுக்கென்றே ஒரு திட்டம் வருகிறதே?

அது அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான மன்றம். நம்முடையதற்கும் அதே சுருக்கப்பெயர் என்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. அந்தத் திட்டம் அமெரிக்கக் கல்லூரிகளுக்குத்தான், நாங்கள் விண்ணப்பிக்க முடியாது.

ஆனாலும் அதை வாசித்துப் பார்க்கச் சொல்வேன். அந்த மன்றம் ஆதரிக்கும் துறைகளில், முந்திய இரண்டு கல்வியாண்டுகளிலும் சேர்த்து 20 கலாநிதிப் பட்டங்களுக்கு மேல் வழங்காத நிறுவனங்களை அவர்கள் தனி வகையாகக் கணக்கிலெடுக்கிறார்கள். விண்ணப்பத்தோடு ஐந்து பக்கம் வரையில் ஒரு தனி அறிக்கையும் கேட்கிறார்கள். இந்த ஆய்வால் உங்கள் கல்லூரிக்கும் மாணவர்களுக்கும் என்ன மாறும், விரிவுரைச் சுமைக்கு நடுவில் எப்படிச் செய்வீர்கள், மாணவர்களை எப்படித் தெரிவு செய்வீர்கள் என்பதெல்லாம் அதில் வரவேண்டும். இங்கே யாரும் அப்படித் தனியாகக் கேட்காவிட்டாலும் அந்த ஐந்து பக்கத்தை உங்களுக்காக எழுதிப் பாருங்கள். பிறகு அதை அரைப் பக்கமாகச் சுருக்கி முன்மொழிவுக்குள் வையுங்கள். நான் அப்படிச் செய்த முதல் தடவைதான் என் முன்மொழிவு எங்கள் கல்லூரியின் முன்மொழிவு போல இருந்தது.

கிழமைக்கு 14 மணித்தியாலம் விரிவுரை. ஆய்வுக்கு நேரம் எங்கே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். விரிவுரை, செய்முறை, விடைத்தாள், கூட்டம் எல்லாம் போகக் கிழமையில் 5 மணித்தியாலம் மிஞ்சினால், 30 கற்பித்தல் கிழமைகளுக்கு 150. விடுமுறையில் எட்டுக் கிழமைக்கு 25 வீதம் 200. மொத்தம் வருடத்தில் 350 மணித்தியாலம். இதுதான் உங்களிடம் உண்மையாக இருப்பது. அந்த 350க்குள் முடிகிற வேலையை எழுதுங்கள். பரீட்சைக் காலத்தில் களவேலை போடாதீர்கள். ஒரு செமஸ்டரில் ஒரு பாடத்தைக் குறைத்துத்தர நிர்வாகம் சம்மதித்தால் அதைக் கடிதமாக வாங்கி இணையுங்கள். அது மதிப்பிடுபவரிடம் நன்றாக எடுபடும்.

கால அட்டவணையில் மழையையும் பாருங்கள். கொழும்பில் மழை மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் உச்சம். மழையைப் பற்றிய ஆய்வுக்குப் பணம் ஜூனில் கைக்கு வந்தால் ஒரு உச்சம் போய்விட்டது. 12 மாதத் திட்டத்தை 18 மாதம் என்று கேட்பதற்கு அது நியாயமான காரணம். காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

மாணவர்கள் பங்கெடுப்பார்கள் என்று எழுதினால் போதுமா?

போதாது. 'மாணவர்கள் பயன்பெறுவர்' என்ற வசனம் எல்லா முன்மொழிவிலும் இருக்கிறது. அதை வாசிக்கும்போது கண் தானாகத் தாண்டிப் போகும். எந்த வருட மாணவர், எத்தனை பேர், கிழமையில் எத்தனை மணித்தியாலம், எந்த வேலை, யார் பழக்குவார், பிழை விட்டால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று எழுத வேண்டும்.

கடைசிக் கேள்வியைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். எங்கள் கால்வாய் வேலையில் இரண்டாம் வருட மாணவி ஒருத்தியின் கொப்பியில் ஒட்சிசன் அளவு 5.1 என்று இருந்தது. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளை மைக்குக் கீழே 3.1. கேட்டபோது, "மிஸ், போன கிழமை ஐஞ்சு சொச்சம். மீற்றர் பிழை என்று நினைச்சேன்" என்றாள். முந்தின இரவு நல்ல மழை. நீண்ட வெயிலுக்குப் பிறகு ஊர்க் கான்களில் கிடந்ததெல்லாம் கால்வாய்க்குள் வந்து, அழுகி, தண்ணீரின் ஒட்சிசனைக் குறைத்திருந்தது. அவள் அழித்த எண்தான் அந்த மாதத்தின் மிக முக்கியமான அளவு. அவளைப் பிழை சொல்ல முடியாது, நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து பக்க எண் அச்சிட்ட கொப்பி, நீலப் பேனா, அழிப்பான் கிடையாது. பிழையென்றால் ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். சந்தேகமான அளவை மூன்று தடவை திருப்பி எடுக்க வேண்டும். இவ்வளவையும் அடுத்த முன்மொழிவில் ஐந்து வரியாக எழுதினேன். மதிப்பீட்டில் பாராட்டிச் சொல்லப்பட்ட பகுதி அதுதான்.

இன்னொன்று, இளமாணி மாணவர்கள் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள். இரண்டாம் வருடத்தவர் ஒருவரை மூன்றாம் வருடத்தவரோடு சேர்த்து வேலைக்கு விடுங்கள். போகிறவர் வருகிறவரைப் பழக்கிவிட்டுப் போவார். இந்தச் சங்கிலியை முன்மொழிவில் காட்டுங்கள்.

பாதீட்டில் எல்லாரும் விடும் பிழை எது?

ஆராய்ச்சி உதவியாளரின் சம்பளம். மாதம் 60,000 ரூபா வீதம் 18 மாதத்துக்கு 10,80,000 என்று எழுதிவிடுவார்கள். தொழில்தருநர் கட்டவேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதமும் சேர்ந்தால் இன்னும் 1,62,000. மொத்தம் 12,42,000. இந்த ஒரு இலட்சத்து அறுபத்திரண்டாயிரத்தை மறந்தால் கடைசியில் இரசாயனம் வாங்கும் பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டிவரும்.

அடுத்தது பெறுமதி சேர் வரி. 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். கம்பனி தரும் விலைக்கூறலில் வரி சேர்ந்ததா இல்லையா என்பது சின்ன எழுத்தில் கீழே இருக்கும். 4,00,000 ரூபா மீற்றர் வரியோடு 4,72,000.

பிறகு டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே நின்றது, மே மாதத்தில் 360 வரை போனது. அந்த வருடம் கையில் நிதி இருந்தவர்கள்கூட இறக்குமதி இரசாயனத்தைப் பாதிதான் வாங்கினார்கள். இப்போது நான் இறக்குமதிப் பொருளையும் உள்ளூர்ப் பொருளையும் இரண்டு தனி அட்டவணையாகப் போடுகிறேன். விலைக்கூறலின் திகதியையும் அது எத்தனை நாள் செல்லும் என்பதையும் பக்கத்தில் குறிக்கிறேன். விலை ஏறினால் எந்த அளவீட்டை முதலில் குறைப்பேன் என்று ஒரு வரி சேர்க்கிறேன். கேட்கும் தொகையைச் சும்மா கூட்டி எழுதுவதைவிட இது நேர்மையானது. மதிப்பிடுபவருக்கும் நம்பிக்கை வரும்.

சின்னச் செலவுகளையும் விடாதீர்கள். மீற்றரின் உணரிக்கு மாற்று மென்சவ்வு, அளவுதிருத்தக் கரைசல், பற்றரி, மாணவர்களின் பஸ் காசு, களவேலை நாளின் சாப்பாட்டுப் பார்சல். தூரத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் பிள்ளைகள் தங்கள் கைக்காசில் களவேலைக்கு வரக்கூடாது. அதைப் பாதீட்டில் எழுத வெட்கப்பட ஒன்றுமில்லை.

நெறிமுறை அனுமதி நிதி கிடைத்த பிறகு எடுத்தால் போதாதா?

சில அழைப்புகளில் போதும். ஆனால் ஆய்வில் பங்கெடுப்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்க்கும் குழு கூடும் நாள், திருத்தம், மறுபடி கூடும் நாள் என்று மாதங்கள் ஓடும். எனவே விண்ணப்பத்தை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். உங்கள் கல்லூரியில் நெறிமுறை மீளாய்வுக் குழு இல்லையென்றால், மனிதரைப் பற்றிய உடல்நல ஆய்வுகளுக்கு விஜேராம மாவத்தையில் இருக்கும் இலங்கை மருத்துவச் சங்கத்தின் குழுவைப் பற்றி விசாரியுங்கள். பெல்லன்வில-அத்திட்டிய போன்ற சரணாலயத்துக்குள் வேலையென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி தனியாக வேண்டும்.

பெயர், தொலைபேசி எண், நோய் விபரம் எதைச் சேகரித்தாலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவில் வையுங்கள். எங்கே சேமிப்பீர்கள், யார் பார்ப்பார், எப்போது அழிப்பீர்கள் என்று எழுதுங்கள். சிறிய கல்லூரியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உங்கள் மாணவர்களிடமே கருத்துக்கணிப்பு எடுத்தால் அவர்களால் 'மாட்டேன்' என்று சொல்ல முடியுமா? புள்ளி போடுபவர் நீங்கள். படிவத்தைக் கொடுத்து வாங்கும் வேலையை வேறு துறையில் ஒருவரிடம் விடுங்கள்.

முன்மொழிவு ஆங்கிலத்தில்தானே கேட்கிறார்கள். எங்களுக்கு அது பின்னடைவு இல்லையா?

எழுதும்போது கொஞ்சம் பின்னடைவுதான். முதலில் தமிழில் யாருக்காவது சொல்லிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் உங்கள் அக்காவுக்கோ தம்பிக்கோ விளங்கவைக்க முடியாத ஆய்வுக் கேள்வி ஆங்கிலத்திலும் விளங்காது. அது சரியாக வந்த பிறகு ஆங்கிலத்தில் எழுதி, மொழி தெரிந்த ஒருவரிடம் திருத்தக் கொடுங்கள்.

ஆய்வு செய்யும்போது தமிழ் உங்களுக்குப் பெரிய பலம். சக விரிவுரையாளர் ஒருவர் வத்தளையிலும் கொட்டாஞ்சேனையிலும் தாய்மாரிடம் மனநலம் பற்றிய வினாக்கொத்து ஒன்றைக் கொண்டு போனார். 'மன அழுத்தம் உண்டா' என்பதற்கு அநேகம் பேர் இல்லை என்றார்கள். அவர்களுக்கு அது வைத்தியரின் சொல், வருத்தக்காரருக்குச் சொல்வது. முன்பரிசோதனையில் வயதான அம்மா ஒருவர் தானாகச் சொன்னார்: "அழுத்தமெல்லாம் இல்லை பிள்ளை, ஒரே யோசனைதான், இரவில நித்திரை இல்லை." நம் ஊர்ப் பேச்சில் யோசனை என்றால் கவலை. சொல்லை மாற்றியதும் பதில்கள் மாறின. யாழ்ப்பாணத்தார், மலையகத்தார், முஸ்லிம்கள் என்று கொழும்பில் பல விதமாகத் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வினாக்கொத்தை அவர்களிடம் எப்படிச் சோதிப்பீர்கள் என்று முன்மொழிவில் எழுதுங்கள். முன்பரிசோதனைக்குப் பணமும் நேரமும் ஒதுக்குங்கள். ஒப்புதல் படிவம் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும்.

பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் வாய்ப்புக் கூடுமா?

கூடலாம். அவருடைய பெயர் மட்டும் வந்து வேலை எல்லாம் உங்களுடையதாக இருப்பதும் நடக்கும். வேலை உங்களுடையது, கட்டுரையில் பெயர் கடைசி என்று ஆவதும் நடக்கும். தொடங்குமுன் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: தரவு யாரிடம் இருக்கும், முதல் கட்டுரையை யார் எழுதுவார், கருவி ஆய்வு முடிந்ததும் எங்கே நிற்கும். நல்ல பேராசிரியர் இதைத் தவறாக எடுக்கமாட்டார். என்னோடு வேலை செய்த பேராசிரியர் என்னைவிட முதலில் அந்தத் தாளை எடுத்து வைத்தார்.

கல்லூரி நிர்வாகத்திடம் எப்போது சொல்வது?

முதல் நாளே. கணக்குப் பிரிவில் இருப்பவரோடு உட்கார்ந்து, பணம் எந்தக் கணக்குக்கு வரும், கொள்வனவுக்கு எத்தனை விலைக்கூறல் வேண்டும், கணக்காய்வுக்கு என்ன ஆவணம் வைக்க வேண்டும் என்று கேளுங்கள். கடைசி நாளில் கையொப்பத்துக்கு ஓடினால் அதிபர் வெளிநாட்டில் இருப்பார்.

நிராகரித்துவிட்டார்கள். அதே நிறுவனத்துக்குத் திரும்பப் போடலாமா?

போடலாம், போட வேண்டும். கருத்துகளைப் பெற்று ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். மதிப்பிடுபவர் பிழையாக விளங்கிக்கொண்டார் என்று தோன்றும் இடத்தில் நீங்கள் தெளிவாக எழுதவில்லை என்று எடுத்துக்கொண்டு திருத்துங்கள். எனக்கு நிதி கிடைத்தது மூன்றாவது தடவையில். இடையில் நிதியில்லாமலே மாணவர்களோடு எடுத்த ஏழு மாதத் தரவு கையில் இருந்தது. ஒரு சின்ன வரைபடமாக அதை முன்மொழிவில் போட்டேன். 'இவர்களால் இயலுமா' என்ற கேள்விக்கு அந்த வரைபடமே பதில்.

நிதி கிடைத்துவிட்டது. முதல் மாதம் என்ன செய்வது?

வரவேண்டிய இரசாயனத்துக்கு உடனே கட்டளை போடுங்கள், இறக்குமதி என்றால் மாதக் கணக்காகும். கணக்குக்கு ஒரு கோப்பு, அனுமதிக் கடிதங்களுக்கு ஒரு கோப்பு திறவுங்கள். முன்னேற்ற அறிக்கை கொடுக்கும் திகதிகளைச் சுவர்க் கலண்டரில் இப்போதே குறியுங்கள். பிறகு மாணவர்களைக் கூப்பிட்டு முன்மொழிவின் பிரதியை அவர்கள் கையில் கொடுத்து, அவர்களுடைய வேலை எழுதியிருக்கும் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் அந்த வெள்ளை மை மாணவிதான் வாசித்தாள். அப்போது அவள் மூன்றாம் வருடம். கொப்பி எழுதும் முறையைப் புதிதாக வந்த இருவருக்குப் பழக்குவது அவளுடைய வேலை என்று அந்தப் பக்கத்தில் இருந்தது.